பேய்க்கும் சேரிக்கும் ஒரே விலாசம்

(சத்துவாச்சாரியில் நடந்த வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு சில இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

தோழர்களுக்கும், ஷூ கம்பெனியில் ஷிஃப்ட் முடிந்து நேராக இங்கே வந்திருக்கும் ஆம்பூர், பேரணாம்பட்டு அக்காமார்களுக்கும் ஜெய்பீம்.

பேய்க்கதை, மாயக்கதை, விஞ்ஞானக்கதை என்று பொருள் பிரித்துத் தொகுக்கப்படும் சிறுகதைத் தொகுப்புகளைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நோட்டீஸைப் பார்த்துவிட்டு ஒரு தோழர் கேட்டார்: "இன்னா தோழர், நாட்டுல இவ்ளோ நடந்துகினு கீது, நீங்க பேய்க்கதை பேசப் போறீங்களா?" நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்வதுதான் இந்தப் பேச்சு.

2019 ஆகஸ்ட் மாதம் வாணியம்பாடிக்குப் பக்கத்தில் நாராயணபுரத்தில் நடந்தது உங்களுக்குத் தெரியும். செத்துப்போன நம்ம ஆள் ஒருவருடைய உடலைச் சுடுகாட்டுக்கு எடுத்துப் போக வழி இல்லை. வழி ஆதிக்க சாதிக்காரர்களின் பட்டா நிலத்தில் போகிறது, விடமாட்டோம் என்றார்கள். பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து, ஏறக்குறைய 20 அடி உயரத்திலிருந்து, பாடையோடு உடலைக் கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். செல்போனில் எடுத்த அந்தக் காட்சியை நாடே பார்த்தது. சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது.

இப்போது ஒரு கற்பனை. இதே காட்சியை நம்மில் ஒருவர் 2010-லேயே கதையாக எழுதிப் பெரிய பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பியிருந்தால்? ஒரு பாலம், மேலிருந்து ஒரு பிணம் அந்தரத்தில் ஆடி ஆடி இறங்குகிறது, கீழே தண்ணீர் இல்லாத ஆற்று மணலில் நான்கு பேர் கை தூக்கி நிற்கிறார்கள். 'மிகையாக இருக்கிறது', 'மாந்திரீக யதார்த்தம் நமக்கு ஒட்டவில்லை' என்று திரும்பி வந்திருக்கும். அவர்களுக்குக் கற்பனையாக இருப்பது நமக்குச் செய்தி. எது யதார்த்தம், எது கற்பனை என்று கோடு போடுகிற கை யாருடையது? பேய்க்கதைத் தொகுப்பைப் பற்றி நாம் பேச வேண்டியிருப்பதற்கு முதல் காரணம் இந்தக் கோடு.

*

பொருள் பிரித்துத் தொகுப்பது ஒன்றும் வெள்ளைக்காரனிடமிருந்து வந்ததில்லை. நம்முடைய எட்டுத்தொகையே அப்படித்தான். ஐங்குறுநூறை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து திணை, திணைக்கு 100 பாட்டு, ஒவ்வொரு நூறும் பத்துப் பத்தாகப் பிரித்தது. தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார். தொகுப்பித்தவன் சேர மன்னன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. இந்த இரண்டு சொற்களும் ரொம்ப நேர்மையான சொற்கள். தொகுத்தவர் ஒருவர், தொகுப்பித்தவர் இன்னொருவர். பாட்டைப் பொறுக்கி அடுக்குகிறவருக்குப் பின்னால் துட்டும் அதிகாரமும் வைத்துக்கொண்டு ஒருத்தன் நிற்கிறான் என்பதை அந்தக் காலத்தில் மறைக்கவில்லை. இந்தக் காலத்தில் தொகுப்பாசிரியர் பெயர் மட்டும் அட்டையில் இருக்கிறது. தொகுப்பித்தவனைக் காணோம்.

எந்தத் தொகுப்பைக் கையில் எடுத்தாலும் இந்த இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். பொருளைக் கொடுத்தது யார்? கதவுகிட்ட நின்று உள்ளே விட்டது யார்?

அமெரிக்காவில் 1967-ல் ஹார்லன் எலிசன் 'டேஞ்சரஸ் விஷன்ஸ்' என்று ஒரு விஞ்ஞானக்கதைத் தொகுப்பு போட்டார். 33 கதைகள். வேறு எங்கும் போட பயப்படுகிற கதையைக் கொடுங்கள் என்பதுதான் அவர் கொடுத்த பொருள். அதில் சாமுவேல் டெலானி என்கிற கறுப்பு இளைஞரின் கதையும் இருந்தது. ஏறக்குறைய அதே காலத்தில், அதே டெலானியின் 'நோவா' நாவலைத் தொடராகப் போடச் சொல்லி, அன்றைக்கு விஞ்ஞானக்கதை உலகத்தின் பெரிய பத்திரிகையான 'அனலாக்'குக்கு அனுப்பினார்கள். ஆசிரியர் ஜான் கேம்பல். நாவல் பிடித்திருக்கிறது, ஆனால் கறுப்பன் கதாநாயகனாக இருந்தால் எங்கள் வாசகர்களுக்கு ஒட்டாது என்று சொல்லிவிட்டார். இதை டெலானியே பிறகு எழுதியிருக்கிறார். கவனியுங்கள், ராக்கெட் ஒட்டுகிறது, வேறு நட்சத்திரம் ஒட்டுகிறது, இன்னொரு யுகம் ஒட்டுகிறது. கறுப்பன் மட்டும் ஒட்டவில்லை!

நம்ம நாட்டுக்கு வருவோம். 1993-ல் நேஷனல் புக் டிரஸ்ட், பால் ஃபோண்டகே தொகுத்த இந்திய விஞ்ஞானக்கதைத் தொகுப்பை ஆங்கிலத்தில் வெளியிட்டது. 2008-ல் சென்னையிலிருந்து பிளாஃப்ட் பதிப்பகம் தமிழ் ஜனரஞ்சகக் கதைகளின் தொகுப்பை, பிரீதம் சக்ரவர்த்தியின் ஆங்கில மொழிபெயர்ப்பில் கொண்டுவந்தது. ராஜேஷ்குமார், சுபா, இந்திரா சௌந்தர்ராஜன் என்று பஸ் ஸ்டாண்டு கடையில் தொங்கிக்கொண்டிருந்த மர்மக் கதைகள் ஆங்கிலத்துக்குப் போயின. நல்ல காரியம், நான் குறை சொல்லவில்லை. அந்தப் பாக்கெட் நாவல்களை அதிகம் படித்தவர்களில் நம்ம ஜனமும் உண்டு. ஷூ கம்பெனி பஸ்ஸில் ஒரு புத்தகம் பத்துக் கை மாறும். படிக்கிற இடத்தில் நாம் இருந்தோம். எழுதுகிற இடத்தில், எழுதப்படுகிற இடத்தில் நாம் எங்கே?

சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வை எடுத்துக்கொள்ளுங்கள். 2020களில் நடப்பதாக 1980களில் எழுதிய தொடர்கதை. அதில் ஜீனோ என்று ஒரு இயந்திர நாய். அதற்குப் பேச்சு உண்டு, புத்தி உண்டு, புத்தகம் படிக்கும், நக்கலடிக்கும். எனக்கும் ஜீனோவைப் பிடிக்கும். அந்த வருஷங்கள் வந்தேவிட்டன. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் நம்ம ஜனம் குடிக்கிற தண்ணித்தொட்டியில் மலம் கிடந்தது. ஜீனோ வாழ்கிற எதிர்காலத்தில் வேங்கைவயல் எந்தப் பக்கம் இருக்கிறது? நாய்க்கு ஒதுக்கிய இடத்தில் கால்வாசி கூட, தோல் உரிக்கிறவனுக்கும் குழியில் இறங்குகிறவனுக்கும் ஒதுக்கப்படவில்லையே. சாதியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாமல் எதிர்காலத்தை எழுதினால் அங்கே சாதி ஒழிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. அங்கே நாம் ஒழிந்துவிட்டோம் என்றுதான் அர்த்தம்.

*

இனி பேய்.

தமிழ்ப் பேய்க்கதையில் பேயினுடைய விலாசம் என்ன? சுடுகாடு, ஊருக்கு வெளியே இருக்கும் புளியமரம், ஏரிக்கரை, ஆத்தோரம். சேரியினுடைய விலாசம் என்ன? அதேதான். ஊர் தனக்குள் வேண்டாம் என்று தள்ளின எல்லாவற்றையும் ஒரே திசையில் தள்ளியது. செத்தவனும் நாமும் பக்கத்து வீட்டுக்காரர்கள். பேய் கறுப்பாக இருக்கும், தலைவிரி கோலமாக இருக்கும், இரவில் நடமாடும், தொட்டால் தீட்டு, தெருவுக்குள் வந்தால் ஆபத்து. இந்த வர்ணனையை யாரைப் பார்த்து எழுதினார்கள் என்று நான் சொல்ல வேண்டுமா?

புதுமைப்பித்தன் பெரிய எழுத்தாளர், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. 1940களில் வந்த அவருடைய 'காஞ்சனை' தமிழின் சிறந்த பேய்க்கதைகளில் ஒன்று. ஆனால் அதை நம்ம வாசலில் நின்று வாசித்துப் பாருங்கள். பிச்சை கேட்டு வந்த ஒரு பெண்ணை வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்கிறார்கள். வீட்டுக்காரருக்குத் தூக்கம் போய்விடுகிறது. இவள் யார், எங்கிருந்து வந்தாள், இவள் மனுஷிதானா? வேலைக்கு வந்த ஒருத்தி வீட்டுக்குள் நடமாடுவதே பயங்கரமாகிறது. புதுமைப்பித்தன் அந்தப் பயத்தை நேர்மையாக எழுதினார். பிரதி வீட்டுக்காரரின் பயத்தைச் சொல்கிறது. வேலைக்காரியின் பயத்தைச் சொல்லும் பிரதி எங்கே? அந்நிய வீட்டின் சமையல்கட்டில், கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாத மூலையில் படுத்துத் தூங்குகிறவளுக்கு இரவு எப்படி இருக்கும்? அதுவும் பேய்க்கதைதான். அதில் பேய் யார் என்பதுதான் மாறும்.

நம்ம ஜனம் அந்த வேலையை முன்னாடியே செய்திருக்கிறார்கள், எழுத்தில் அல்ல, பாட்டில். மதுரைவீரன் யார்? சக்கிலியர் வீட்டில் வளர்ந்தவன், மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன். காத்தவராயன் கழுமரம் ஏறினவன். முத்துப்பட்டன் கதையில் பொம்மக்கா, திம்மக்கா என்ற இரண்டு சக்கிலியப் பெண்களைக் கட்டிய பார்ப்பான் செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டு, மாடு காக்கப் போய்ச் சாகிறான். சாதி தாண்டினதற்காக வெட்டுப்பட்டவர்கள், செத்தும் அடங்காமல் திரும்பி வருகிறார்கள். வெட்டினவனே பயந்துபோய்ப் பூசை போடுகிறான். நா. வானமாமலை இந்தக் கதைப்பாடல்களைத் தேடிப் பதிப்பித்ததால் படிக்கக் கிடைக்கின்றன. எனக்கு இது பக்தியாகத் தெரியவில்லை, பாக்கியாகத் தெரிகிறது. கோர்ட்டில் தீராத வழக்கு, பாட்டில் நிலுவையில் நிற்கிறது. பேய் என்றால் நிலுவை. பேங்க் பாஷையில் சொன்னால் வராக்கடன்!

*

இங்கே ஒரு எதிர்வாதம் வரும். நம்ம இயக்கத்துக்குள்ளேயே வரும், வரவும் வேண்டும். 'நாம் பகுத்தறிவு பேசுகிறோம். பாபாசாகேப் 1956 அக்டோபர் 14-ஆம் தேதி நாக்பூரில் 22 உறுதிமொழி கொடுத்தார். பேய், பிசாசு, முனி, காட்டேரி என்று எழுதினால் திரும்ப அந்தக் குழிக்குள்ளதானே விழுவோம்?'

இந்த வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில் மனநிலை பாதித்தவர்களைச் சங்கிலி போட்டுக் கட்டி வைத்திருந்த கொட்டகை தீப்பிடித்து 28 பேர் செத்தார்கள். பேய் பிடித்திருக்கிறது என்று எத்தனை வீட்டில் பெண்களை வேப்பிலையால் அடித்திருக்கிறார்கள். பேய்நம்பிக்கை கொலை செய்யும். அதில் சமரசமே கிடையாது.

ஆனால் நம்புவது வேறு, எழுதுவது வேறு. நம்பிக்கை என்ன சொல்கிறது? 'பேய் இருக்கிறது, பூசாரிக்குத் துட்டு கொடு' என்கிறது. கதை என்ன கேட்கிறது? 'இங்கே யாரைக் கொன்றீர்கள்?' என்று கேட்கிறது. பூசாரி பேயை ஓட்டுகிறான். எழுத்தாளன் பேயைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறான். இரண்டும் நேர் எதிர்.

பாபாசாகேபையே எடுத்துக்கொள்வோம். 1948-ல் வெளிவந்த 'தீண்டப்படாதவர்கள்' நூலில், நம்முடைய பூர்வகதையைத் தேடிப் போகும்போது ஆதாரக் கண்ணிகள் அறுந்து கிடப்பதை அவர் பார்க்கிறார். அறுந்த இடத்தில் ஆராய்ச்சியாளன் கற்பனையையும் உள்ளுணர்வையும் கொண்டு பாலம் போடலாம், போடத்தான் வேண்டும் என்று முன்னுரையிலேயே வாதாடுகிறார். அப்படிப் போட்ட பாலம்தான் 'சிதறுண்ட மக்கள்' என்கிற கருதுகோள். எழுத்தை மறுக்கப்பட்ட ஜனத்துக்குக் கற்பனை ஆடம்பரம் இல்லை, அது ஒரு ஆயுதம். அதைப் பழங்காலத்தைத் தோண்ட அவர் பயன்படுத்தினார். வருங்காலத்தைத் தோண்ட நாம் ஏன் பயன்படுத்தக் கூடாது?

*

இதைச் செய்து காட்டியவர்கள் கறுப்பர்கள்.

2000-ல் ஷெரீ தாமஸ் என்கிற கறுப்பினப் பெண் 'டார்க் மேட்டர்' என்று ஒரு தொகுப்பைக் கொண்டுவந்தார். ஆப்பிரிக்க வம்சாவளியினர் ஒரு நூற்றாண்டாக எழுதிய மாயக்கதை, பயங்கரக்கதை, விஞ்ஞானக்கதைகள். பெயரைப் பாருங்கள். இருண்ட பருப்பொருள் என்பது வானியல் சொல். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அதன் ஈர்ப்பு இல்லாவிட்டால் நட்சத்திர மண்டலங்கள் பிய்த்துக்கொண்டு போயிருக்கும். கறுப்பு உழைப்பும் அப்படித்தான் என்பது அந்தப் பெயரில் இருக்கிறது. 2001-ல் அந்தத் தொகுப்புக்கு உலக மாயப்புனைவு விருது கிடைத்தது. முன்னே சொன்ன டெலானியின் கட்டுரையும் அதில் உண்டு. நாம் புதிதாக வந்து கதவைத் தட்டவில்லை, நூறு வருஷமாக உள்ளேதான் இருக்கிறோம், நீங்கள் பார்க்கவில்லை என்று அந்தத் தொகுப்பு நிரூபித்தது.

அதிலிருந்து மூன்று எழுத்துகளை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, டூபாய்ஸ் 1920-ல் வெளியிட்ட 'வால்நட்சத்திரம்'. ஆமாம், சிந்தனையாளர் டூபாய்ஸ்தான், விஞ்ஞானக்கதை எழுதியிருக்கிறார். நியூயார்க்கில் ஒரு வங்கியில் ஜிம் என்கிற கறுப்பன் ஏவலாள். பூமிக்கு அடியில் இருக்கும் பழைய பெட்டகத்துக்குள் இறங்கிப் பழைய பதிவேடுகளை எடுத்துவரச் சொல்லி அவனை அனுப்புகிறார்கள். 'மதிப்புள்ள' ஆட்களை அந்த இடத்துக்கு அனுப்ப மாட்டார்கள். நானும் பேங்கில் வேலை பார்க்கிறவன். ஒட்டடையும் பூரானும் இருக்கும் ரூமில் பழைய லெட்ஜர் தேட யாரைக் கூப்பிடுவார்கள் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அவன் கீழே இருக்கும்போது வால்நட்சத்திரத்தின் விஷவாயுவில் மேலே நகரமே செத்துப்போகிறது. கீழே தள்ளப்பட்டதால் பிழைத்தவன் அவன். பணக்கார வெள்ளைக்காரப் பெண் ஒருத்தியும் பிழைத்திருக்கிறாள். உலகத்தில் நாம் இரண்டு பேர்தான் மிச்சம் என்று நினைக்கும்போதுதான் அவளுக்கு அவன் மனுஷனாகத் தெரிகிறான். அந்த நேரம் பார்த்து அவள் அப்பன் வெளியூரிலிருந்து ஆட்களோடு வந்துசேர்கிறான். செத்தது நியூயார்க் மட்டும்தான், உலகம் அப்படியே இருக்கிறது. உடனே நிறம் திரும்பி வருகிறது. அவனைத் தூக்கில் போட ஒருத்தன் துடிக்கிறான், அப்பன் கொஞ்சம் பணத்தைக் கையில் திணிக்கிறான். கடைசியில் ஜிம்மின் மனைவி வருகிறாள், கையில் செத்த குழந்தையோடு. உலகம் அழிந்தால்தான் நாம் மனுஷர், உலகம் திரும்பினால் திரும்ப நாம் அதேதான். நூறு வருஷம் கழித்தும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

இரண்டு, ஜார்ஜ் ஷைலரின் 'பிளாக் நோ மோர்', 1931-ல் வந்த நாவல். அதிலிருந்து ஒரு பகுதி தொகுப்பில் இருக்கிறது. கறுப்பரை வெள்ளையராக்குகிற சிகிச்சையை ஒரு டாக்டர் கண்டுபிடிக்கிறார். ஊரே வெளுத்துவிடுகிறது. கடைசியில், மாற்றப்பட்டவர்கள் அசல் வெள்ளையரை விடக் கொஞ்சம் அதிகமாக வெளுப்பு என்று தெரிந்ததும், அதிக வெளுப்பே இழிவாகிவிடுகிறது! நம்ம நாட்டுக்கு இப்படி ஒரு மெஷின் செய்ய முடியுமா? நிறத்தை மாற்றினால் போதாது. தெருப் பெயரை மாற்ற வேண்டும், குலசாமியை மாற்ற வேண்டும், சுடுகாட்டை மாற்ற வேண்டும், தாசில்தார் ஆபீஸ் சர்டிபிகேட்டை மாற்ற வேண்டும், 'உங்களுக்குச் சொந்த ஊர் எது?' என்று டீ சாப்பிட்டுக்கொண்டே கேட்கும் அந்தக் கேள்வியை மாற்ற வேண்டும். அந்த மெஷினை எழுதிப் பாருங்கள், சாதி எப்படி வேலை செய்கிறது என்று பாகம் பாகமாகக் கழற்றிக் காட்ட வேண்டிவரும்.

மூன்று, டெரிக் பெல் என்கிற கறுப்பினச் சட்டப் பேராசிரியர் 1992-ல் எழுதிய 'விண்வெளி வியாபாரிகள்'. 2000 ஜனவரி 1-ஆம் தேதி வேற்றுக் கிரகத்துக் கப்பல்கள் அமெரிக்கக் கரையில் வந்து நிற்கின்றன. தங்கம் தருகிறோம், காற்றையும் தண்ணீரையும் சுத்தம் செய்யும் ரசாயனம் தருகிறோம், ஆபத்தில்லாத எரிசக்தி தருகிறோம், பதிலுக்கு உங்கள் நாட்டுக் கறுப்பர் எல்லாரையும் கொடுங்கள் என்கிறார்கள். எதற்கு என்று சொல்லவில்லை. ஜனநாயக நாடல்லவா, வாக்கெடுப்பு நடக்கிறது. 70 சதவீதம் பேர் கொடுத்துவிடலாம் என்கிறார்கள். மார்ட்டின் லூதர் கிங் நாள் அன்று கறுப்பர்களைக் கப்பலில் ஏற்றி அனுப்புகிறார்கள்.

அந்தக் கப்பலை நம்ம பாலாற்று மணலில் இறக்கிப் பாருங்கள். 1996 ஆகஸ்ட் 28-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தோல் தொழிற்சாலைக் கழிவு வழக்கில் தீர்ப்பு சொன்னது. ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பகுதியாகவோ முழுசாகவோ கெட்டுப்போனதாக ஆய்வு சொல்கிறது என்று அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. 2025 ஜனவரியில் திரும்பவும் பாலாற்று மாசுக்காக அதே நீதிமன்றம் தீர்ப்பு சொல்ல வேண்டியிருந்தது. இப்போது கப்பல்காரன் வந்து, 'பாலாற்றில் பளிங்கு மாதிரி தண்ணீர் விடுகிறேன், கிணறெல்லாம் இனிக்கும், சேரிக்காரர்களை மட்டும் கொடுங்கள்' என்றால்? இதோ இந்தச் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸில் அமைதிப் பேச்சுவார்த்தை நடக்கும். ஆர்.டி.ஓ. நடுவில் உட்கார்ந்திருப்பார். முதலில் எதிர்ப்பு சொல்கிறவர் யார் தெரியுமா? தோல்ஷாப்பு முதலாளி. மனிதாபிமானத்தால் இல்லை. 'அவங்கள அனுப்பிட்டா சுண்ணாம்புத் தொட்டியில யார் எறங்குவாங்க?' வாக்கெடுப்பு எப்படிப் போகும் என்று சதவீதம் சொல்ல மாட்டேன். அதை எழுதுகிறவர் உங்களில் ஒருவராக இருக்கட்டும்.

*

2024-ல் நம்ம பக்கமும் கதவு திறந்தது. அதே பிளாஃப்ட் பதிப்பகம் சாதி எதிர்ப்பு ஊகப்புனைவுத் தொகுப்பு ஒன்றை ஆங்கிலத்தில் வெளியிட்டது. தொகுத்தவர்கள் ஆர்.டி. சாமுவேல், ராக்கேஷ், ரஷ்மி என்ற மூவர். 'சாதி எதிர்ப்பு' என்பதையே தொகுப்பின் பொருளாகக் கொடுத்ததுதான் இதில் முக்கியம். இத்தனை நாள் 'தலித்' என்றால் தன்வரலாறு, வலி, வாக்குமூலம். 1978-ல் தயா பவாரின் 'பலூதா', 1992-ல் பாமாவின் 'கருக்கு', அதே 1992-ல் அர்ஜுன் டாங்ளே தொகுத்து ஆங்கிலத்தில் வந்த மராத்தித் தொகுப்பு 'பாய்சன்ட் பிரெட்', நம்ம பேரணாம்பட்டு அழகிய பெரியவனின் 'தகப்பன்கொடி' வரை, அந்த எழுத்தெல்லாம் போட்ட பாதையில்தான் நாம் நடக்கிறோம். அந்தப் பாதை இல்லாவிட்டால் இந்தக் கூட்டமே இல்லை.

ஆனால் அந்த எழுத்தை வரவேற்ற கையே நமக்கு ஒரு வேலியும் போட்டது. 'நீ அழு, நான் கேட்கிறேன். நடந்ததைச் சொல், சாட்சி சொல். நடக்கப்போவதைச் சொல்ல நாங்கள் இருக்கிறோம்.' பண்ணையார் மாதிரியே இலக்கியமும் நமக்கு ஒரு வேலையைப் பரம்பரையாக ஒதுக்கிவிட்டது. வலி சொல்கிற வேலை. அந்த ஒதுக்கீட்டை மறுக்கிற உரிமையைத்தான் 2024 தொகுப்பு கேட்கிறது.

எனக்கு இருக்கும் மனக்குறை ஒன்றுதான். அது ஆங்கிலத்தில் இருக்கிறது. பஸ்ஸில் பத்துக் கை மாறிய பாக்கெட் நாவல் மாதிரி அது ஆம்பூர் பஸ்ஸில் கை மாறாது. தமிழில் நமக்கென்று ஒன்று வேண்டும். தொகுத்தவரும் நாம், தொகுப்பித்தவரும் நாம்.

*

அதனால் இந்தக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் மாதிரி சிலவற்றை வைக்கிறேன். விவாதியுங்கள், திருத்துங்கள்.

முதலாவது, பொருள். 'தலித் பேய்க்கதைகள்' என்று பொதுவாகப் போட வேண்டாம், அது இன்னொரு சேரி ஆகிவிடும். 'பாலாறு' என்று ஒரே சொல்லைப் பொருளாகக் கொடுப்போம். செத்த ஆறு, கயிற்றில் இறங்கின பிணம், 2015 ஜனவரி 31 விடிகாலை ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத்தொட்டிச் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளிகளை மூடிய அந்தச் சேறு. அதில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்துப் பிள்ளைகள். அந்தப் பிள்ளைகள் ராத்திரி ஷிஃப்ட்டில் வங்காள மொழியில் பேசிக்கொண்டு வந்தால் யார் பதில் சொல்வது? நமக்கு அந்த மொழி தெரியாது என்பதே ஒரு கதை.

இரண்டாவது, பேய்க்கதை மட்டும் போதாது, மாயக்கதையும் வேண்டும். 1997-ல் வீரன் சுந்தரலிங்கம் பெயரில் விருதுநகரில் போக்குவரத்துக் கழகம் அறிவித்தபோது, அந்தப் பெயர் எழுதின பஸ்ஸில் ஏறமாட்டோம் என்றார்கள். கலவரம் வந்தது. கடைசியில் அரசாங்கம் எல்லாக் கழகத்துக்கும் எல்லா மாவட்டத்துக்கும் தலைவர் பெயர்களையே எடுத்துவிட்டது. நம்ம மாவட்டத்துக்கும் 1989-ல் வைத்த 'வட ஆற்காடு அம்பேத்கர்' என்ற பெயர் அந்தப் பத்தாண்டோடு போயிற்று. அழிக்கப்பட்ட பெயர்கள் எல்லாம் ராத்திரியில் பஸ்ஸின் நெற்றியில் தானாக எழுதிக்கொண்டால்? காலையில் யார் ஏறுவார்கள், யார் நடந்தே போவார்கள்?

மூன்றாவது, விஞ்ஞானக்கதை. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 1993-ல் வந்தது, 2013-ல் திரும்ப வந்தது. குழியில் செத்தால் 10 லட்சம் என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் சொன்னது. 2023-ல் 30 லட்சம் ஆக்கியது. நிலாவில் இறங்க மெஷின் இருக்கிறது, பத்தடிக் குழியில் இறங்க மனுஷன். நம்ம விஞ்ஞானக்கதை நிலாவில் ஆரம்பிக்க வேண்டாம், அந்தக் குழியில் ஆரம்பிக்கட்டும்.

நான்காவது, சிரிப்பு. எல்லாக் கதையும் ஒப்பாரியாக இருந்தால் ஒதுக்கிவிட்ட அதே வேலையைத்தான் செய்கிறோம். ஷைலர் சிரித்துக்கொண்டே கழுத்தை அறுத்தார். நம்ம ஆயாக்கள் முனியை ஏமாற்றிச் சுருட்டு வாங்கின கதைகளைச் சொல்லியிருக்கிறார்கள். அதை விட்டுவிட வேண்டாம்.

ஐந்தாவது, எழுதுகிறவர்கள். கதை எழுதித் தருகிற ஷூ கம்பெனி அக்காவுக்கு 'பேச்சு வழக்கை மாத்துங்க' என்று யாரும் சொல்லக் கூடாது. 'கீது', 'இன்னா' எல்லாம் அப்படியே அச்சாகட்டும், கீழே அருஞ்சொற்பொருள் போட வேண்டாம். எழுதினவருக்குத் துட்டு தர வேண்டும், நூறு ரூபாயாக இருந்தாலும். இலவச உழைப்பை நாம் போதுமான அளவு கொடுத்தாயிற்று. பொறுப்பில் குறைந்தது பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். நம்மில் இன்னும் கீழே தள்ளப்பட்ட அருந்ததியர், புதிரை வண்ணார் தோழர்களின் கதை முதல் பக்கங்களில் இருக்க வேண்டும், ஏதோ இடம் கொடுத்த மாதிரி கடைசியில் இல்லை.

'இவ்ளோ நடந்துகினு கீது' என்று கேட்ட தோழருக்கு என் பதில் இதுதான். நடப்பதை எழுத ஆள் இருக்கிறார்கள், நாமும் எழுதுகிறோம், எழுதிக்கொண்டேதான் இருப்போம். ஆனால் நம்ம பிள்ளைகளுக்கு நேற்றை மட்டும் கொடுத்துவிட்டு, நாளையை வேறு யாரோ எழுத விட்டால், அந்த நாளையிலும் சுடுகாட்டுக்கு வழி இருக்காது. பயமுறுத்துகிறவனாகவும் கனவு காண்கிறவனாகவும் இருக்கிற உரிமை மனுஷனுக்கு உண்டு. அந்த உரிமையையும் சேர்த்துத்தான் விடுதலை என்கிறோம்.

தை மாசத்துக்குள் கதைகளைக் கொடுங்கள். கையெழுத்துப் பிரதியாக இருந்தாலும் சரி, செல்போனில் பேசிப் பதிவு செய்து அனுப்பினாலும் சரி. உட்கார்ந்து எழுத்தாக்க நாங்கள் நான்கு பேர் இருக்கிறோம்.

ஜெய்பீம்.